முதல் வரியில் நின்ற பெயர்

கணினி சர்வருக்குள் எந்த நிரல் முரண்டு பிடிக்கிறது, அதை ஓடவிட்டவன் காலையில் இட்லி தின்றானா தோசை தின்றானா, எல்லாவற்றையும் விசிறிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன் என்றார் அவர்.

அறையில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள்.

திலகவதி சிரிக்கவில்லை. சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் ஓய்வு பெற்றபின் அந்த நாற்காலிக்கு வந்தவள்.

"அதெல்லாம் நடக்காது சார்."

பாலிடெக்னிக்கில் அன்று தேர்வு முடிவு. பத்து மணிக்கு வரவேண்டியது. பதினொன்றாகியும் சர்வர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததால் அவரை வரவழைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே முன்னூறு பேர். அவர் கணக்கில் மூவாயிரம்.

பெட்டியின்மேல் காதை வைத்தார். கண்ணை மூடினார்.

"ஒத்த நிரல். ரொம்ப நாளா ஓடுது. தின்னு தின்னு பெருத்துக் கிடக்கு. ஆரம்பிச்சவன் நிறுத்தாமப் போயிட்டான், பொறுப்பில்லாத பய. 'டாப்'னு அடிம்மா. முதல் வரியில நிப்பான்."

அவள் விரல்கள் தயங்கின.

"வேணாம் சார். அணைச்சுப் போட்டுப் பாக்கலாம்."

அவர் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். யாரும் அணைக்கக் கூடாது. அவர் கையெழுத்துதான்.

அடித்தாள்.

ஓடும் நிரல்கள் எல்லாம் வரிவரியாக விழுந்தன.

முதல் வரி. சர்வரின் உழைப்பில் தொண்ணூற்றெட்டு விழுக்காடு அதற்கே.

ஓடவிட்டவர் பெயர் வரும் இடத்தில், அவர் பெயர்.

நானூறு நாளைக்கு முன், அவருக்கு மாலை போட்ட அன்று, எத்தனை நொடி உழைத்தேன் பாருங்கள் என்று பிரிவுபசார விழாவில் காட்ட எழுதிய நிரல். கேசரி வந்ததும் எழுந்து போய்விட்டார்.

அது இன்னும் எண்ணிக்கொண்டிருந்தது.

அதைப் பொறுத்தவரை அவர் இன்னும் வேலையில்தான் இருந்தார்.

காது மடல் சுட்டது.

"முன்னாடியே பாத்தியாம்மா?"

"வந்த அன்னைக்கே. உங்க பேருல ஓடுது, ஏதாவது காரணம் இருக்கும்னு கை வைக்கல சார்."

விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார்.

நிரலை நிறுத்தும் 'கில்'. ஓர் இடைவெளி. முதல் வரியில் இருந்த அதன் எண்.

விரல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.

அழுத்தினார்.

விசிறி அடங்கியது. ஜன்னலுக்கு வெளியே யாரோ யாருக்கோ போன் செய்து, பாஸ் என்றார்கள்.

"இட்லியா சார், தோசையா?" பின்னாலிருந்து ஒரு குரல்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

திலகவதி திரையைத் துடைத்தாள். அதில் தூசி எதுவும் இல்லை.

"நடக்காதுன்னு நான்தான் சொன்னேன். காதாலயே கண்டுபிடிச்சிட்டீங்க சார்."