எட்டாம் துளை

எங்கள் குடியிருப்பில் மனைவியை அடிக்கும் ஆண்களின் கழுத்தில் பட்டை பூட்டியிருக்கிறார்கள். மனைவி பொத்தானை அழுத்தினால் ஷாக் அடிக்கும். மாலை வகுப்பில் படித்ததை வைத்து, வீட்டுப் பொத்தான்களின் வயர்களை, அந்தந்த எண் வீட்டுப் பட்டைக்கு ஷாக் அனுப்பும் துளைகள் கொண்ட பேட்ச் பேனலில் வரிசையாகச் செருகியது நான்.

இன்று கடைசி வீடான ஒன்பதிலிருந்து பூங்கோதை அக்கா போனில் அலறினார்.

“தம்பி, அமுக்குறேன், இந்தாளு சிரிச்சுக்கிட்டே மிதிக்கிறான்!”

பேனலுக்கு ஓடினேன். ராசியில்லை என்று எங்களிடம் எட்டாம் எண் வீடு கிடையாது. பேனலில் எட்டாம் துளை உண்டு. ஒன்பதின் வயர் அதில் இருந்தது. பிடுங்கி ஒன்பதில் செருகினேன். போனில் அவர் கணவர் விழுந்து துடிக்கும் சத்தம் கேட்டது.

“அக்கா, விரலை எடுங்க, செத்துருவாரு!”

“இரு தம்பி, நல்லா வேலை செய்யுதான்னு பாத்துக்கிறேன்.”

வயரைப் பிடுங்கலாம். பிடுங்கினால் திரும்பச் சரியாகச் செருகுவேனா என்று சந்தேகமாக இருந்தது.