பல்தசாரே விதி

ததேயோ கண்டுபிடித்த முப்படிச் சமன்பாட்டு விதியைத் தன் பெயரில் அச்சிட்டு, பொலோனியாவில் பேராசிரியர் ஆனவர் பல்தசாரே. அதே ததேயோ, சாகக் கிடப்பதாக இப்போது ஆள் அனுப்பியிருந்தார்.

“ஐந்தாம் படிக்கும் விதி கண்டுபிடிச்சிட்டேன், பல்தசாரே. என்னோட மண்ணாப் போக வேண்டாம்னு உனக்குச் சொல்றேன். ஆனா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சிலுவை மேல சத்தியம் பண்ணு.”

பல்தசாரே கூசாமல் சத்தியம் செய்தார். கிழவர் கொடுத்த நாலு கணக்குக்கும் விடை கச்சிதமாக வந்தது. மறுவாரமே ‘பல்தசாரே விதி’ அச்சேறியது.

உடனே ததேயோவின் மருமகன் லத்தான்சியோ கணக்குப் போட்டிக்குச் சவால் விட்டான். ஊர் வழக்கப்படி தேவாலயத்தில் கூட்டம் கூடியது. தோற்றால் பல்தசாரே பதவியை விட வேண்டும்.

லத்தான்சியோ புதிதாக ஐந்தாம் படிக் கணக்கு ஒன்று கொடுத்தான். பல்தசாரே விடையை முழங்கினார்.

“சரிபாருங்க, பேராசிரியரே!”

சரிபார்த்தார். ஒத்துவரவில்லை. மறுபடி போட்டார். ஊரே கைகொட்டிச் சிரித்தது.

வியர்க்க விறுவிறுக்க ததேயோ வீட்டுக்கு ஓடினார். சாகக் கிடந்தவர் மேசை முன் அமர்ந்து கோழிச்சாறு குடித்துக்கொண்டிருந்தார்.

“யோவ் கிழவா, தப்பான விதியையா கொடுத்தே?”

“தப்புன்னு தெரிஞ்சுதானேப்பா யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினேன்?” ததேயோ வாயைத் துடைத்துக்கொண்டார். “நான் சரியாக் கண்டுபிடிச்சதுக்கு உன் பேரை வெச்சுக்கிட்டே. என் தப்புக்கும் உன் பேரே இருக்கட்டும்.”