ரெடிமேட் பிளாப்பி

பொன்னுத்துரை அண்ணன் சொன்ன இந்தக் கதையைப் பல வருஷம் சந்தேகப்பட்டிருக்கிறேன். நடந்தது உண்மைதான். அவர் சொன்ன விதத்தில்தான் எனக்கு ஏதோ இடித்தது.

எண்பத்தெட்டில், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் அவர் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை திறந்த புதிது. ஜாதகப் புரோகிராம் விற்ற கம்பெனி இரண்டு பிளாப்பி டிஸ்க் கொடுத்திருந்தது. ஒன்று ரெடிமேட், போட்டதும் ஜாதகம் வரும். இன்னொன்றில் அந்தப் புரோகிராம் எழுதினபடியே வரிவரியாக இருக்கும். வேண்டியதைத் திருத்தி, கம்பைல் செய்து, அதாவது கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றிய பிறகுதான் ஓடும்.

கடையில் வேலை பார்த்த தமிழ்மதி, ரெடிமேடைத் தொடவே மாட்டேன் என்றாள்.

சின்னாளபட்டியிலிருந்து சண்முகவள்ளி என்ற நெசவுக்கார அம்மா, மகள் செல்லக்கிளியின் ஜாதகத்தோடு வந்து காத்திருந்தாள். செவ்வாய் தோஷம் என்று வந்த வரனெல்லாம் திரும்பிப் போயிருந்தது. இப்போது ஒரு மாப்பிள்ளை வீட்டார், கம்ப்யூட்டர் சொன்னால் சம்மதம் என்றிருந்தார்கள்.

"ஏம்மா, ரெடிமேடைப் போட்டிருந்தா அந்தம்மா இந்நேரம் வீடு போய்ச் சேந்திருக்கும்ல?"

"அது திருக்கணிதப் பஞ்சாங்கம்ண்ணே. நம்ம ஆளுக வாக்கியப் பஞ்சாங்கம்தான் கேப்பாக. மாத்திக் கம்பைல் பண்றேன். செத்த நேரம் பொறுங்க."

"சோறு வடிக்கச் சொன்னா, இவ நாத்து நடப் போறா!"

ஒருவழியாகக் காகிதம் வந்தது. 'தோஷம் இல்லை.'

சண்முகவள்ளி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கிளம்பிப் போனாள்.

அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. அதே ஜாதகத்தை ரெடிமேடில் போட்டார்.

'கடும் தோஷம். பொருந்தாது.'

"ஏம்மா, பஞ்சாங்கம் மாறினா செவ்வாயே இடம் மாறிருமா?"

தமிழ்மதி மறைக்கவில்லை. "பஞ்சாங்கத்துல நான் கையே வைக்கலண்ணே. இங்க பாருங்க. அதே செவ்வாய்தான். ஆம்பளைன்னா 'பரிகாரம் செய்யவும்'. பொம்பளைன்னா 'பொருந்தாது'. அந்த வரியை எடுத்துட்டேன்."

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம்.

"அடிப் பாவி! நாளைக்கு மாப்பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"லாரியில அடிபட்டா லாரிக்காரனைக் கேளுங்க. செல்லக்கிளியைக் கேக்காதீக. ரெடிமேடுல இந்த வரி நம்ம கண்ணுக்கே தெரியாதுண்ணே. அதான் அதைத் தொடல."

சின்னாளபட்டிக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பஸ் ஏறியவர், பாதி வழியில் இறங்கித் திரும்பிவிட்டாராம். செல்லக்கிளிக்குக் கல்யாணம் நடந்தது. குழந்தைகளும் பிறந்தார்கள்.

"அன்னையில இருந்து கஸ்டமர் ஒருத்தருக்குக்கூட நான் ரெடிமேடைப் போட்டதில்ல தம்பி. எம்புட்டுப் பொண்ணுக கழுத்துல தாலி ஏறியிருக்கு தெரியுமா?"

இதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குக் கண் கலங்கும். கேட்பவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். நானும் கும்பிட்டிருக்கிறேன்.

கேட்க எனக்கென்ன தகுதி என்று இத்தனை நாள் தயங்கினேன். போன வாரம் கேட்டுவிட்டேன்.

"அண்ணே, உங்க மகன் விக்னேஷ்குமாருக்கு வந்து, நீங்க தோஷம்னு திருப்பி அனுப்புன பொண்ணுக ஜாதகத்தையெல்லாம் எந்த பிளாப்பியில போட்டுப் பாத்தீக?"