தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால்

தொப்பூர் இறக்கம் வருவதற்குள் பிரேக்கில் காற்று கசிவதைச் சென்னிமலை கண்டுபிடித்துவிட்டார். லாரி சொந்தம், டிரைவரும் அவரே, உயிரும் அவருடையதுதான். லாரியின் கம்ப்யூட்டர் திரையில் மட்டும் எல்லாம் பச்சை.

பைக்கில் வந்த மெக்கானிக் கமாலுதீன் பத்தே நிமிஷத்தில் ஓட்டைக் குழாயைக் கழற்றிப் புதுசு மாட்டினார். "இனி தைரியமா இறங்குங்கண்ணே."

லாரி வாய் திறந்தது. "அந்நியர் கை பட்டுவிட்டது. நகர மாட்டேன்."

மூன்றாம் நாள் லாரியைத் தயாரித்த கம்பெனியின் இன்ஜினியர் வந்து, புதுக் குழாயைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழையதையே பொறுப்பாக மாட்டினார்.

"சார், அது ஓட்டைங்க."

"இருக்கட்டும். ஒரிஜினல்."

லாரிக்கு மனசு குளிர்ந்தது. உடனே உறுமிக் கிளம்பத் தயாரானது.

சென்னிமலை முன் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். கம்பெனி அனுமதி இல்லாமல் அந்த லாரிக்கு வைக்கக்கூடிய ஒரே உதிரிபாகம் அதுதான்.