பால் தேத்தண்ணி

கண்ணாடி டம்ளரில் ஆடை படிய ஆரம்பித்திருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைச் சேலைத் தலைப்பால் துடைத்து அவளுக்குப் போட்டுவிட்டுத் தவமணியம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளும் தரையில்தான் உட்காரப் பார்த்தாள். விட்டால்தானே.

கடல் தாண்டி வந்தவர்களின் முகாம் அது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் 'நூறு வயசு' என்பார்கள்.

அவள் கல்லூரியிலிருந்து வருகிறவள். அகதிகளின் மனக்காயத்தை எப்படிக் கேட்டு ஆற்றுவது என்று சொல்லித்தரும் மேற்படிப்பு. வாராவாரம் முகாமின் சமுதாயக் கூடத்தில் தவமணியம்மாவைச் சந்திப்பாள். குழாயில் தண்ணீர் வராதது, ரேஷன் அரிசியின் வாடை, முழங்கால் குடைச்சல், இவைதான் பேச்சு. அவளும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவசரப்படக் கூடாது என்பது படிப்பு.

இன்றுதான் தவமணியம்மா வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள்.

"இண்டைக்குப் பெரியவளைப் பற்றிச் சொல்லுறன், பிள்ளை. ஒருத்தருக்கும் சொன்னதில்லை. முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ."

பெரியவள், மூத்த மகள், படகில் ஏறியவள். கரையில் இறங்கியவர்களில் அவள் இல்லை. முகாமுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மற்ற நாளில் அந்த வீட்டில் வெறும் தேத்தண்ணி. நக்கிக்கொண்டு குடிக்க உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. இன்று பால்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"என்ன தவமணியக்கா, பால் வாசம் தூக்குது! பொம்பிளை பார்க்க ஆக்கள் வந்திருக்கினமோ?"

"உனக்கேனடி வயித்தெரிச்சல்? என்ர பிள்ளை வந்திருக்கு!"

சொல்லிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தாள் தவமணியம்மா. முன்பல் ஒன்று இல்லை. இத்தனை வாரத்தில் அது இன்றுதான் தெரிந்தது.

அவள் டம்ளரைப் பார்த்தாள்.

வகுப்பில் பேராசிரியை பலகையில் எழுதியே போட்டிருந்தார். உதவி தேடி வருகிறவரிடம் எதையும் வாங்காதே. பொருளோ பலகாரமோ, வாங்கினால் உறவாகிவிடும். உறவாகிவிட்டால் காது சரியாகக் கேட்காது.

"வேண்டாம்மா. நாங்க யார்கிட்டயும் எதுவும் வாங்கிக் குடிக்கக் கூடாதுன்னு சட்டம்."

தவமணியம்மாவின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. போக வழி தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது.

"சட்டமோ?"

"ஆமாம்மா."

"சரி பிள்ளை. இஞ்ச எங்களுக்கும் எல்லாம் சட்டந்தானே."

டம்ளரின் மேல் ஒரு தட்டை எடுத்து மூடினாள்.

பிறகு குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசினாள்.

அடுத்த வாரம் வகுப்பில் அவளை எழுப்பி நிறுத்திப் பாராட்டினார்கள். எல்லை காத்ததற்கு. ஒரு வீட்டில் வடை தின்றுவிட்டு வந்த பையனுக்குச் செம திட்டு. அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். அந்த வீட்டில் அவனிடம் சொல்லாத கதை பாக்கியில்லை.

வகுப்பு கைதட்டும்போது அவளுக்குத் தன் ஊர் ஞாபகம் வந்தது. எந்தத் தெருவில் வாசலோடு பேசிவிட்டுத் திரும்ப வேண்டும், எந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தால் 'இப்பத்தான் குடிச்சேன்' என்று சொல்ல வேண்டும் என்பது அங்கே பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். அப்படிச் சொல்கிறவர்களின் முகமும் தெரியும்.

அன்று தன் முகம் எப்படி இருந்தது என்பதுதான் தெரியவில்லை.

அதன் பிறகும் தவமணியம்மா வாரம் தவறாமல் கூடத்துக்கு வந்தாள். நல்லா இருக்கிறன் என்றாள். நித்திரை வருகுது என்றாள். பெரியவள் பேச்சு வரவேயில்லை.

படிப்பு முடிகிற வாரம் அவள் கூடத்துக்குப் போகவில்லை. நேராகத் தவமணியம்மா வீட்டுக்குப் போனாள்.

"வாங்கோ, இருங்கோ."

அதே நாற்காலி. இந்த முறை அதைத் துடைக்கவில்லை.

"அம்மா, எனக்குக் கொஞ்சம் தேத்தண்ணி தருவீங்களா?"

அந்தச் சொல் அவள் வாயில் ஒட்டாமல் விழுந்தது. தவமணியம்மா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அதே குரல்.

"ஆரக்கா வந்திருக்கினம்?"

"கொலிஜில இருந்து ஆக்கள்."

வெறும் தேத்தண்ணி. சீனியை உள்ளேயே போட்டுக் கலக்கியிருந்தாள் தவமணியம்மா. அவள் ஊதக்கூட இல்லை. நாக்கு பொத்துப்போனது. அடிவண்டல்வரை குடித்தாள்.

"சீனி காணுமோ? இன்னும் கொஞ்சம் போடட்டோ?"

"காணும்மா."

டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். மௌனத்தில் பொறுமையாக உட்காரவும் அந்தப் படிப்பில் சொல்லித்தந்திருந்தார்கள். மற்றவர் பேசத் தொடங்கும்வரை.

கூரை வெயிலில் முறுகும் சத்தம் கேட்டது.

தவமணியம்மா எழுந்து வந்து அவள் மடியிலிருந்து டம்ளரை எடுத்துக்கொண்டாள். மெதுவாகத்தான் எடுத்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாகுதெல்லோ, பிள்ளை."

பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அது இருவருக்கும் தெரியும்.