நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கார்காலத்து வானம் சூல்கொண்ட முகிலைச் சுமந்து கவிழ்ந்து நின்றது. பொழியவும் இல்லை, கலையவும் இல்லை. எதிரிக் காட்டில் பதினொரு நாள் உயிர்தப்பிய கதையை நூலாக்கிய முன்னாள் கமாண்டோ, நூலக அரங்கில் வாசகர்முன் அமர்ந்திருந்தார். சட்டைப்பையில் ஒரு பிழைதிருத்தச் சீட்டு. இன்று அதை வாசித்தே தீர்வதென்று வந்திருந்தார்.

“எலியைப் பச்சையாத் தின்னீங்களே சார், குமட்டலையா?”

“எங்க ஆபீஸ் கேன்டீன்ல ஒரு நாள் சாப்பிட்டுப் பாருய்யா, தெரியும்!” என்றது பின்வரிசை. அரங்கே சிரித்தது.

“ஒரு வரிகூடப் பொய் இல்ல சார். அதான் கண் கலங்குது,” என்றார் ஓர் ஆசிரியை.

கமாண்டோ சீட்டை எடுத்தார். “நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துல ஒரு திருத்தம்...”

களத்தில் மாண்ட தோழனின் தாய் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து நூலை நீட்டினார். “அந்தப் பக்கத்துலதானேப்பா என் பிள்ளை இருக்கான்? எனக்குப் படிக்கத் தெரியாது. மத்தவங்க படிச்சுக் கேட்டுட்டேன். உன் வாயால ஒருதரம் கேக்கணும்.”

அவர் சீட்டைக் கைக்குள் மடக்கிக்கொண்டார். அச்சில் இருந்தபடியே படித்தார்: “‘அம்மா’ என்றழைத்தபடி என் மடியில் உயிர்விட்டான்.”

கையில் கசங்கிய சீட்டு வேறொன்றைச் சொன்னது: “‘அண்ணே, விட்டுட்டுப் போகாதீங்க’ என்று அவன் அலறினான், நான் திரும்பிப் பாராமல் ஓடினேன் எனத் திருத்தி வாசிக்கவும்.”

தாய் அந்தப் பக்கத்தைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். பிறகு, குனிந்திருந்த கமாண்டோவின் தலைமேல் கை வைத்தார்.

“தனியா விடாம கடைசிவரைக்கும் கூட இருந்தியே... நூறு வருஷம் நல்லா இரு, ராசா.”