விசாலத்தின் சப்பாத்து

ஆகஸ்ட் விடுமுறைக்குக் கிள்ளானில் தோழி அபிராமி வீட்டுக்கு வந்திருந்த விசாலத்துக்கு, அடுத்தவர் செருப்பில் கால் நுழைப்பதென்றாலே குமட்டும். குளியலறைச் செருப்பைக்கூடத் தொடாமல் வெறுங்காலோடுதான் போய்வந்தாள்.

மாலையில் அடித்த புயல்மழையில் சாக்கடை பொங்கி வாசலேறியது. அங்கே கழற்றிவிட்டிருந்த அவள் சப்பாத்து இரண்டும் செத்த எலியோடு மிதந்து போனதை இருவருமே பார்த்தார்கள்.

"போனா போகட்டும் லா, புதுசு வாங்கிக்கலாம்," என்றாள் அபிராமி.

காலையில் வாசலெங்கும் நாறும் சேறு. அதில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. நடுவில் அவள் சப்பாத்து ஜோடியாக, துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது.

"யாரோ கொண்டாந்து வச்சிருக்காங்க. போட்டுப் பாரு!"

தன்னுடையதுதானே என்று விசாலம் காலை நுழைத்தாள். நுழைத்த வேகத்தில் உருவிக்கொண்டாள்.

உள்ளே பிசுபிசுவென்று வியர்த்து, இப்போதுதான் யாரோ கழற்றியதுபோல் சூடாக இருந்தது.